கொய்யா வில்லும் கோணல் சடையும்

எங்கள் ஊரில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமே கிடையாது. மலைமேல் முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு கூட்டம் கூட்டமாக இறங்கி வருகிற ஊர் திருத்தணி. அதனால்தான் என் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது, என் நாத்தனார் ஒரே பேச்சில் வைத்தியத்தை முடித்துவிட்டார்.

"பேசாம மலைக்குப் போயி மொட்ட அடிச்சிகினு வந்துடு. தல பின்ற வேல மிச்சம்."

என் கணவர் கல்யாண மண்டபங்களில் சமைப்பவர். நானும் கூடவே நிற்பேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு அன்னதானச் சமையல் ஒத்துக்கொண்டு, அண்டா அண்டாவாகப் புளிசாதம் கிளறியதில் வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. வலி மெல்லக் குறைந்தது, ஆனால் கை தோளுக்கு மேலே போக மறுத்துவிட்டது. தலைக்குப் பின்னால் கொண்டுபோவது என்பது கனவிலும் நடக்காது. என் சடையை என்னால் பின்ன முடியவில்லை.

கணவர்தான் பின்னிவிட்டார். ஜாங்கிரியை அச்சு வைத்தாற்போல் வரிசையாகப் பிழிகிற கை அது. சடை என்று வந்தால் மட்டும் இடது காதுப் பக்கமாக ஓடிவிடும். மண்டபத்தில் யாராவது, "இன்னாம்மா, சடை ஒரு பக்கமா போவுது?" என்று கேட்பார்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, மளிகைச் சாமான் அறைக்குப் போய் மூக்கைச் சிந்துவேன். இனி ஆயுசுக்கும் என் தலையை நானே பின்னிக்கொள்ள முடியாதோ என்று பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிசியோதெரபி பார்க்கிற பெண், ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கச் சொன்னாள். எனக்குப் பொறுமை என்பது பால் பொங்கும் நேரம் வரைக்கும்தான். இழுத்தால் ஒன்றும் வரவில்லை, விட்டால் ஒன்றும் போகவில்லை. அப்படி எரிச்சலோடு இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், போனில் வில்வித்தைப் போட்டி ஓடியது. ஒரு பெண் நாணை இழுத்தாள். அவள் முழங்கை தோளுக்குச் சமமாக உயர்ந்து பின்னால் போய் நின்றது. என் முழங்கையும் அங்கே போகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"வில்லு வாங்கலாமா?" என்றார் கணவர்.

"செய்யலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொண்டு போய்விடும். பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். மெதுவாக இழுங்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தாள்.

எங்களுக்கு மரம் என்றால் விறகு. நல்ல விறகு என்றால் தட்டியதும் 'டங்' என்று கேட்கவேண்டும். ஈரம் இருந்தால் கண்ணெரிச்சல், சாம்பாரில் புகை வாடை. ஆகவே விறகுக் குவியலில் நேராக இருந்த சவுக்குக் கட்டை ஒன்றைப் பொறுக்கினோம். சமையல் முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்து வைத்துக் காயவிட்டோம். கடைசியில் கோயில் மணிபோல் 'டங்' என்றது. இரண்டு பேரும் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் செதுக்கிக் கொடுத்தார். நாண் கட்டி வளைத்தேன். 'படார்!' ஒரு துண்டு என் கையில் இருந்தது. இன்னொன்று பறந்துபோய்ப் பருப்பு டப்பாவில் மோதியது.

கீழே கிடந்த துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார் கணவர். "ஃபஸ்ட் கிளாஸ் வெறகு" என்றார்.

அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் சொன்னது உண்மை. ஈரத்தை ஒட்டு மொத்தமாக விரட்டிவிட்டால் மரம் எரியும், வளையாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நாங்கள் பக்குவமாகச் செய்திருந்தது விறகைத்தான். சாயங்காலம் அதிலேயே காபி போட்டோம். புகையே வரவில்லை.

அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிற நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு சொன்னார்: "எங்க வூட்டு கொய்யா மரத்துல ஒரு கெள இருக்குது. போன மழைல அடிச்ச காத்துக்குத் தரையத் தொட்டுகினு இருந்துச்சி. ஒண்ணும் ஆவல. வந்து வெட்டிகினு போ."

கொய்யா! சின்ன வயதில் கொய்யாக் கிளையில் தொங்காத நாள் உண்டா எனக்கு? வளையும், முறியாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் கொய்யாவை யாரும் எங்களுக்கு விறகாக விற்றதில்லை. அதனால் நினைவுக்கே வரவில்லை.

கிளையோடு பஸ் ஏறியபோது கண்டக்டர் கேட்டார், "இன்னாம்மா, மாட்ட அடிக்கவா?"

"இல்லீங்க, எங்க வூட்டுக்காரர."

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது.

இந்த முறை அடுப்புப் பக்கம் அதைக் காட்டவே இல்லை. வெட்டிய முனைகள் வெடிக்காமல் இருக்க மெழுகை உருக்கி ஊற்றி, கட்டிலுக்கு அடியில் நிழலில் போட்டோம். ஐப்பசி மழை வந்து போனது, தை பிறந்தது. தினமும் குனிந்து பார்த்து அதைத் திட்டுவேன். திட்டிவிட்டு ஜன்னலில் ரப்பர் பட்டையை இழுப்பேன்.

பிறகு சீவ ஆரம்பித்தேன். பட்டையை உரித்த வெளிப்பக்கத்தில் கத்தி படக் கூடாது, அந்த நார்தான் வில்லைத் தாங்குகிறது. உள்பக்கத்தை மட்டும் வெட்டுக்கத்தியால் செதுக்கி, அரம் போட்டு, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். துருவிய தேங்காய் மாதிரி மடியில் விழுந்துகொண்டே இருக்கும். வளைத்துப் பார்த்தால் ஒரு பாதி கும்பிடும், இன்னொரு பாதி விறைத்துக்கொண்டு நிற்கும். விறைத்ததைச் சுரண்டுவேன். கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் அது கும்பிட ஆரம்பிக்கும், மற்றது விறைக்கும்.

"நம்ம குடும்பம் மாரியே கீது" என்றார் கணவர். அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சுரண்டினேன். இரண்டு பாதியும் ஒன்றுபோல் வளைந்த அன்றைக்கு நானே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

நாணுக்கு நாத்தனார் தறிக் கயிறு கொடுத்தார். ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட வைக்க நாளெல்லாம் சுண்டி இழுக்கிற கயிறு அது, லேசில் அறாது. அவர் வீட்டுப் பின்புறத்தில், கொய்யா மரத்துக்கு முன்னால், கழிவு நூல் அடைத்த சாக்கு மூட்டையை நிறுத்தினோம். மூங்கில் குச்சியைச் சீவிய அம்பு. கணவரும் நாத்தனாரும் என் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டார்கள்.

இழுத்தேன். கொய்யா வில் முனகிக்கொண்டே வளைந்தது. முறியவில்லை. விட்டேன்.

அம்பு மூட்டைக்கு மேலே போய், கொய்யா மரத்தின் கிளைக்கவட்டில் சிக்கிக்கொண்டது.

"தாய் வூட்டுக்குப் போயிடுச்சி!" என்றார் நாத்தனார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூட்டையைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியவில்லை, அம்பை நேராகச் சீவத் தெரியவில்லை என்று ஆளுக்கு ஒரு திட்டு கொடுத்துக்கொண்டே மரத்தடிக்குப் போனேன். எட்டி அம்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது.

"இன்னா?" என்றேன்.

"அத எந்தக் கைல எட்த்த?" என்றார் கணவர்.

இடது கையில் வில் இருந்தது. அம்பு இருந்தது வலது கையில். தலைக்கு மேலிருந்த கிளையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தேன். மறுபடி கையைத் தூக்கினேன். லேசாகச் சுண்டியது, ஆனால் கை மேலே போயிற்று. பிறகு அம்பையும் வில்லையும் கீழே போட்டுவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாத்தனாரும் கூடச் சேர்ந்து அழுதார். கணவர் எதிரில் நின்றுகொண்டு, "இன்னொரு வாட்டி தூக்கு, இன்னொரு வாட்டி தூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முருகன்தான் என்றார் கணவர். ரப்பர் பட்டை என்றாள் பிசியோதெரபிப் பெண். எங்க வூட்டு மரம் என்றார் நாத்தனார். எல்லோருக்கும் ஆங், ஆங் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் கண்ணாடி முன் நின்று நானே பின்னினேன். நடுவில் இரண்டு முறை கையை இறக்கி ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் சடை நேராக, நட்ட நடு முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், கணவர் வழக்கம்போல் சீப்போடும் எண்ணெய்க் கிண்ணத்தோடும் வந்து நின்றிருந்தார்.

"நீயே பின்னிகினியா?"

"ஆங்."

"நல்லாத்தான் கீது" என்றார். சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சடையை அவிழ்த்துவிட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு மண்டபத்தில் கல்யாணப் பெண்ணின் அத்தை கேட்டாள், "இன்னாம்மா, சடை ஒரு பக்கமா போவுது?"

"தெரியுங்க" என்றேன்.