நான்கு ஆணிகள்

"வயோமிங்கில் முதன்முதலாக ஓட்டுப் போட்ட அம்மா, அன்றைக்குக் கையில் என்ன வைத்திருந்தாங்க, சொல்லுங்க பார்ப்போம்?"

சகுந்தலா டீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வயோமிங் அமெரிக்காவில் ஒரு மாநிலம் என்பதே கணக்கு டீச்சரான எனக்கு அப்போது தெரியாது. கொடியா என்றேன். "தகர வாளிங்க. ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கப் போன வயசான அம்மா, வழியில் ஓட்டுப் போட்டுட்டுக் கடைக்குப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு, தானே அந்த வாளியைத் தூக்கிப் போனவர் போலச் சிரித்தார்.

அவர் இறந்த செய்தி சென்ற வாரம் போனில் வந்தது. அவருடைய பழைய மாணவி பர்மிய மொழியில் எழுதியிருந்தாள்: சயாமா காலையில் போய்விட்டார். சயாமா என்றால் டீச்சரம்மா. பர்மாவில் நாங்கள் வாழும் தாமுவே பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறையில் அவர் சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த, பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை தந்த வயோமிங்கின் பெண்களைப் பற்றிய ஒரு புத்தகம்தான் பாடம். ஒரு நாள் நான் வாசலில் நின்றிருந்தேன். அந்த மாநிலத்துக்கு ஆளுநரான முதல் பெண் யார் என்று கேட்டார். ஒரு பிள்ளை எழுந்து, "முந்தி ஆளுநரா இருந்து செத்துப்போனவரோட சம்சாரம், சயாமா" என்றது. உண்மைதான். ஆனாலும் டீச்சர் விடவில்லை. "அவங்க யாரோட சம்சாரம்னு நான் கேட்டேனா? பேரைச் சொல்லு. பேர் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, அது மரியாதை."

அந்தப் புத்தகம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. மண்டபச் சுவரில் வரிசையாகப் படங்கள் உண்டு, எல்லாம் ஆண்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்களில் பலர் நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, மண்டபத்தைப் பூட்டாமல் வைத்திருந்து, நோயில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்கள் மூன்று பெண்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. அந்த மூவரையும் சுவரில் ஏற்ற வேண்டும் என்று டீச்சர் கேட்டார். படம் கிடைக்காவிட்டால் பெயரை மட்டும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கள் என்றார்.

கோயில் சங்கத் தலைவர் சொன்ன பதிலை நானும் கேட்டேன். "நீங்க எல்லாம் நல்லா சமைங்கம்மா. சரித்திரத்தை நாங்க பாத்துக்கிறோம்."

டீச்சர் கோபப்படவில்லை. "சரிங்க தலைவரே" என்று மட்டும் சொன்னார். அந்த அடக்கத்தைப் பார்த்து எனக்குத்தான் பயமாக இருந்தது.

பங்குனி உத்திர அன்னதானத்துக்குப் பெண்கள் சமைப்பார்கள். ஆண்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள். மிஞ்சியதைப் பெண்கள் கடைசியில் சாப்பிடுவார்கள். அந்த வருடமும் சமையல் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இலை போட்டவுடன் டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு முதல் பந்தியில் நடுவில் போய் உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்த நாங்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம்.

"என்னம்மா இது?" என்று தலைவர் பதறினார்.

"சமைச்சாச்சுங்க. பரிமாறுறதை நீங்க பாத்துக்குங்க."

சாமி சாப்பாடு, ஊரே பார்க்கிறது, மறுக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். பதற்றத்தில் சாம்பாருக்கு முன்னால் ரசத்தை ஊற்றிக்கொண்டே போனார். "ரசமா முதல்ல?" என்றார் டீச்சர். "உங்க சரித்திரமும் இப்படித்தாங்க, முன்னுக்குப் பின்னா இருக்கு." பந்தி முழுவதும் சிரித்தது. நான் அன்று சாப்பிட்ட ரசத்தின் ருசி, சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறு வாரமே பின்னறைக்குப் பூட்டு விழுந்தது. பழுது பார்க்கிறார்களாம். அந்தப் பழுது பார்ப்பு இன்றுவரை முடியவில்லை. டீச்சர் தன் நாலாம் மாடி வீட்டில் பாடம் நடத்தினார். "படி ஏறி வந்த இங்கிலீஷ் மறக்காது" என்று பிள்ளைகளிடம் சொல்வார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அவர் போன அன்று மண்டபப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அவருடைய கணவரின் பெயரைப் போட்டு, அன்னாரின் துணைவியார் காலமானார் என்று எழுதியிருந்தார்கள். சகுந்தலா என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. அடையாள அட்டையில் இருந்த தோ கின் சான் என்ற பர்மியப் பெயரும் இல்லை.

அடுத்த நாள் தலைவரே போன் செய்தார். அஞ்சலிக் கூட்டத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமாம். டீச்சரின் மகள் படத்தை என்னிடம்தான் கொடுத்திருந்தாள்.

"தர மாட்டேங்க" என்றேன். "சுவரில் முதலில் நாலு ஆணி அடிங்க. மூணு அந்த அம்மாமார்களுக்கு. நாலாவது இவங்களுக்கு. அடிச்சுட்டுக் கூப்பிடுங்க, நானே கொண்டுவந்து மாட்டுறேன்."

"செத்தவங்க விஷயத்திலயா வீம்பு? பழி வாங்குற மாதிரி இருக்கே, டீச்சரம்மா."

"மாதிரி இல்லீங்க, தலைவரே."

கூட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கூட்டம் நடக்கும் நாளில் சமைக்க அடுப்படிப் பக்கம் பெண்கள் யாரும் வரப்போவதில்லை என்ற செய்தியும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. நாங்கள் யாரையும் திட்டவில்லை. காத்திருக்கிறோம். நாற்பது பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பொறுமைக்கு எனக்குப் பஞ்சமில்லை.

சுவர் தராத இடத்தை இந்தத் தாள் தரட்டும். ரெங்கநாயகி. அந்தோணியம்மாள். எங்களில் ஒருவரை மணந்து எங்களுக்காகவே கஞ்சி காய்ச்சிய தோ மியா செய்ன். நாலாவது, சகுந்தலா.

அவர் நல்லவர், அன்பானவர் என்று கூட்டத்தில் யாராவது பேசுவார்கள், பேசட்டும், பொய்யில்லை. நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. குரல் உயராத, இலையில் ஒரு பருக்கையும் குறைக்காத, ஆனால் எதையும் மறக்காத கோபம். அதை மன்னிப்பாக மாற்ற எனக்கு விருப்பமில்லை.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு தாளில் உங்கள் அம்மாவின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், அதற்கும் முந்தைய அம்மாவின் பெயர் என்று, எந்த மொழிப் பெயரானாலும், எழுதிக்கொண்டே போங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அந்தப் பெயரை இன்றைக்கே வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள்.