எண்பது டிகிரிச் சிவப்பு

அழகப்பன் தொட்ட துணியில் கறை நின்றதாகச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒருவரும் சொன்னதில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. பிரிட்டிஷ் பட்டாளத்துச் சலவைக்கூடத்தில் கொப்பரைக்குத் தீ தள்ளச் சேர்ந்தவர், ஐம்பதுகள் முடிவதற்குள் அங்கே தலைவராகிவிட்டார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சார்ஜன்ட் தன் தெர்மாமீட்டரையே அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்றால் சும்மாவா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ஜூரோங்கில் ஜப்பானியர் நடத்திய சாயப்பட்டறை ஒன்று ஆள் தேடியது. பட்டாளத்து வேலையை உதறிவிட்டு, "இனி நான் சாய மாஸ்டர்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அழகப்பன் பஸ் ஏறினார். முதல் மாதம் சோதனை. தேறினால்தான் வேலை.

மேற்பார்வையாளர் மொரித்தா அரைகுறை மலாயில் சொன்னது இவ்வளவுதான்: சிவப்புச் சாயம், தண்ணீர் எண்பது டிகிரி. அழகப்பன் சார்ஜன்ட்டின் தெர்மாமீட்டரைத் தொட்டியில் விட்டார். குழாய்த் தண்ணீரே எண்பது காட்டியது. பனி விழும் நாட்டுக்காரனுக்கு இதுவே சூடுபோலும் என்று முடிவுகட்டி, நீராவியைத் திறக்காமலே துணியை முக்கிவிட்டார்.

அலசியதும் சிவப்பு மொத்தமும் சாக்கடையோடு போயிற்று. மொரித்தா கத்தவில்லை. "நாளை இன்னொரு தொட்டி. அதுவும் போனால் நீயும் போகலாம்" என்றார்.

சுவரில் தொங்கிய பட்டறைத் தெர்மாமீட்டரை எடுத்து அதே தண்ணீரில் விட்டால் இருபத்தேழு என்றது. இரண்டையும் தூக்கிக்கொண்டு, வாசலில் தேநீர்க்கடை வைத்திருந்த உம்மு சல்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே, மூஞ்சி தொங்குது?"

"ஜப்பான்காரன் சாமான் ரிப்பேர்லா. என்னுது எண்பதுங்குது, அது இருபத்தேழுங்குது."

"உங்களுது ரிப்பேரா இருக்கக் கூடாதா?"

"பட்டாளத்துச் சாமான்மா அது."

"இருக்கட்டும். ரெண்டையும் என் கெட்டில்ல விடுங்க. கொதிக்கிற தண்ணிக்கு வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் தெரியாது."

கொதிநீரில் அவருடையது இருநூற்றுப் பன்னிரண்டு, பட்டறையுடையது நூறு. அவளே ஐஸ் போட்ட குவளையை நீட்டினாள். அதில் முப்பத்திரண்டு, சைபர். அழகப்பனுக்கு விளங்கிவிட்டது. இரண்டும் சரிதான்; தன்னுடையது பாரன்ஹீட், பட்டறையுடையது சென்டிகிரேட். அவர்கள் ஐந்து ஏறினால் நாம் ஒன்பது ஏறுகிறோம், நாம் தொடங்குவதே முப்பத்திரண்டில். கெட்டிலில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பட்டறையுடையது எண்பதுக்கு இறங்கும்வரை பார்த்திருந்தார். தன்னுடையதில் நூற்றெழுபத்தாறு.

"கல்லைக் காய வைக்காம தோசை ஊத்தியிருக்கீங்க" என்றாள் உம்மு சல்மா.

மறுநாள் நீராவியைத் திறந்தார். மொரித்தா சாயமேறிய துணியின் மேல் ஈர வெள்ளைத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "பாகுஸ்" என்று மலாயில் மெச்சித் தோளில் தட்டினார். வேலை நிலைத்தது. சில வருஷத்தில் சாயப்பிரிவுக்கே அழகப்பன் மாஸ்டர்.

எந்தக் கதையையும் 'நான்' என்று தொடங்குகிறவர், இதை மட்டும் 'உம்மு சல்மா புண்ணியத்துல' என்றுதான் தொடங்குவார். வேலை நிலைத்த வருஷத் தீபாவளிக்கு அவள் கடை முகப்பில் கட்டச் சிவப்புத் துணி கொண்டுபோய்க் கொடுத்தார்.

"சாயம் போகுமாண்ணே?"

"மழை வரட்டும், பாரு."

சாயங்காலமே வந்தது. துணி நனைந்து சொட்டியது. உம்மு சல்மா உள்ளங்கையை நீட்டிப் பிடித்தாள். தெளிந்த தண்ணீர்.