சங்கீதா கேட்ட கேள்வி

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை சங்கீதாவுக்கு. வந்தவர்களின் மனசு எந்த நொடியில் சாய்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அந்தத் தொழில்புத்தியை வைத்துத்தான் அவள் உமாபதியை ஒழித்தாள்.

உமாபதி அவளுடைய நாத்தனார் தில்லையம்மாளின் புருஷன். ராணித்தேனீக்கு மற்ற தேனீக்கள் ஊட்டும் ராயல் ஜெல்லி என்கிற கூழைக் கூட்டம் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். ஞாபகசக்தி, சர்க்கரை, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்பான்.

சங்கீதாவின் கணவன் தேவேந்திரன் தறிக்காரன். அவனுக்குக் கொஞ்ச நாளாக மறதி. உமாபதி பாட்டிலோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங் இருக்குது. ஒத்துக்குமா?" என்று தேவேந்திரன் கேட்கத்தான் செய்தான்.

"வீசிங்கே ஓடிப்போயிடும்பா" என்று உமாபதி தன் கையாலேயே ஊட்டிவிட்டான்.

சற்று நேரத்தில் தேவேந்திரனின் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடிக்க ஓடிய சங்கீதாவை உமாபதி வாசலில் மறித்தான். "பதறாதம்மா. கெட்டதெல்லாம் வெளிய போய்க்கினு இருக்குது. தானா அடங்கிடும்."

அவனைத் தள்ளிவிட்டுப் புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தேவேந்திரனின் முகம் நீலம் பாய்ந்திருந்தது. உயிர் தங்கியது. ஆனால் மூச்சு தடைப்பட்டதில் மூளை அடிவாங்கியிருந்தது. தறியில் உட்கார்ந்தால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான்.

டாக்டரம்மா சொன்னார்: "மூளைக்கு நல்லதுன்னு எலிங்க கிட்ட பார்த்திருக்காங்க. மனுஷங்க கிட்ட செஞ்சதெல்லாம் சின்னச் சின்ன ஆய்வு, உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஆஸ்துமா, அலர்ஜி இருக்கறவங்களுக்கு இது ஆபத்தாகலாம்னு தெரிஞ்ச விஷயம்தான்."

தெரியாமல் செய்துவிட்டான் என்று அவள் விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் ஒரு காதுகுத்து விசேஷத்தில் உமாபதி சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "புருஷனுக்கு மீந்துபோன கறிக்குழம்ப ஊத்தியிருக்கா, அது ஒத்துக்கல. பழி எம்மேல."

அன்று அவள் சாப்பிடாமல் எழுந்து வந்தாள். போலீசுக்குப் போகச் சொன்னார்கள். கேஸ் நடக்கும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை.

ஐயம்பேட்டையில் உமாபதி கூட்டம் போட்டபோது, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தேவேந்திரனைக் கைப்பிடித்து அழைத்துப் போய் முன்னால் உட்கார்ந்தாள். உமாபதியின் பேச்சில் ஜனங்கள் மயங்கி, கை பர்ஸுக்குப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு எழுந்தாள்.

"அண்ணா, வீசிங் இருக்கறவங்க இதைச் சாப்பிடலாமா?"

உமாபதிக்கு வேர்த்தது. "தாராளமா."

"இவரு சாப்பிட்டாரு" என்று புருஷனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "ஊட்டினதும் நீங்கதான்."

ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. அடுத்து தாமல் கிராமத்தில் போட்ட கூட்டத்தில் அவள் அதையே கேட்க, அவன் உஷாராகி, "வீசிங்காரங்களுக்குக் கூடாதும்மா" என்றான்.

"அப்போ இவருக்கு ஏன் ஊட்டினீங்க?"

அதற்கப்புறம் அவன் ரகசியமாகக் கூட்டம் போட்டான். கடைக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் வாய்வழியாக எல்லாம் அவளுக்கு வந்து சேர்ந்தது. அவன் போன ஊருக்கெல்லாம் போனாள்.

தில்லையம்மாள் அழுதுகொண்டே வந்தாள். "போதும் விட்டுடு சங்கீதா. குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடுச்சு."

"அண்ணி, உங்க தம்பி உள்ளதான் இருக்காரு. நீங்க யாருன்னு அவரையே கேளுங்க."

தில்லையம்மாள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

கடைசியில் உமாபதியே வந்து நின்றான். "உனக்கு என்னதான் வேணும்?"

"காதுகுத்துல சொன்னதை அதே ஜனங்க நடுவுல மாத்திச் சொல்லுங்க."

சொந்தக்காரர்களைக் கூட்டி அவன் சொன்னான். "குழம்புல ஒண்ணுமில்ல. நான்தான் ஊட்டினேன். ஆட்டோவுக்குப் போனவளை மறிச்சதும் நான்தான்." தேவேந்திரன் மட்டும், ஏதோ விழா என்று நினைத்துக் கைதட்டினான்.

உமாபதி அந்த வியாபாரத்தை விட்டுவிட்டு ஓசூரில் காவலாளி வேலைக்குப் போனான். சேதி வந்த அன்று சங்கீதா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாள்.

"பாவமா இல்லையா?" என்று கடையில் கூட வேலை செய்யும் இந்திராணி கேட்டாள்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை விரித்தாள்.