பாதி இறங்கிய ஷட்டர்

என் நாத்தனார் முன்பு பேருந்து நடத்துநர். இப்போது, வயசுப் பிள்ளைகள் செய்த தப்புகளைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் பேசித் தீர்த்துவைக்கும் அலுவலகத்தில் வேலை. அங்கேயேதான் நானும் தட்டச்சு செய்கிறேன். வீட்டிலும் அவர் குரல், வேலையிலும் அவர் குரல். கொடுத்துவைத்தவள் நான்.

அந்தக் குரல் இன்னும் பேருந்தைவிட்டு இறங்கவில்லை. வருகிறவர்களை, "உள்ள தள்ளி உட்காருங்க" என்றுதான் வரவேற்பார். அறையில் மேஜை கிடையாது. முட்டியோடு முட்டி இடிக்காத குறையாக நாற்காலிகள் மட்டும். "மேஜை இருந்தா ஆளுங்க அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவாங்க" என்பார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தப்பு செய்தால் கோர்ட்டில் நிற்கட்டும் என்கிற கட்சி. அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா.

அன்று வந்தவள் பதினேழு வயதுப் பெண். யார் மேலோ இருந்த ஆத்திரத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் முகப்புக் கண்ணாடியில் கல்லை விட்டெறிந்திருந்தாள். கடைக்காரர் சம்மதித்தால் விஷயம் இங்கேயே முடியும். இல்லாவிட்டால் கோர்ட்டு, செவிலியர் படிப்புக்குக் கிடைத்த இடமும் போச்சு.

அவளுடைய அம்மா மன்னிப்பை எழுதி, மனப்பாடம் செய்யவைத்துக் கூட்டிவந்திருந்தார். பெண் எழுந்து கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு வரி மறந்தபோது அம்மாவின் உதடு அசைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"பரீட்சை முடிஞ்சுதா? மிச்சத்த கோர்ட்ல பாத்துக்கலாம்" என்று பையோடு எழுந்தார்.

கோர்ட்டுக் கட்சியான எனக்கே அய்யோ என்றிருந்தது. நாத்தனார் அசரவில்லை.

"சார், இன்னும் ஸ்டாப்பிங் வரல. உட்காருங்க."

மனிதர் உட்கார்ந்துவிட்டார்!

"நீங்க கொஞ்சம் வெளிய காத்தாட இருங்கம்மா. இனி அவளே பேசுவா" என்று அம்மாவை அனுப்பிவிட்டு, நாத்தனார் பெண்ணிடம் திரும்பினார். "கண்ணாடி உடைஞ்சதும் உனக்கு என்ன கேட்டுச்சு?"

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"யாரோ கத்தினாங்க. கடையில ஆளே இல்லைன்னு நினைச்சேன். பயந்து ஓடிட்டேன். செத்துட்டாங்களோன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல. காலைல வந்து பாத்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. அடியில உங்க கால் மட்டும் தெரிஞ்சுது. அது அசைஞ்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

கடைக்காரர் பையைக் கீழே வைத்தார்.

"கத்தினது நான்தான். வீட்டுல கூட சொல்லல" என்றார். "இன்னும் ஷட்டர பாதிக்கு மேல ஏத்த கை வரல. ரிப்பேருன்னு புளுகி வெச்சிருக்கேன். எல்லாரும் குனிஞ்சு வர்றாங்க. லென்ஸ் மாட்டும்போது கூட என் கண்ணு தெருவுலதான் இருக்கு."

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டார். பேசாமல் இருப்பது என் நாத்தனாருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"சனிக்கிழமை வா" என்றார் கடைக்காரர், பெண்ணிடம். "நீதான் ஷட்டர ஏத்தணும். அந்தக் கண்ணாடி பக்கத்துலயே உட்காரணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும், எல்லா சனிக்கிழமையும்."

"வர்றேன்" என்றாள். இதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு எழுத்து மங்கியது. "கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோ, ஜட்ஜம்மா" என்றார் நாத்தனார். விடுவாரா?

சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, நிஜமாகவே கண்ணைச் சோதிக்க அந்தக் கடைக்குப் போனேன். குனிய வேண்டியிருக்கவில்லை. ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருந்தது. வாசலை ஒட்டி, புதுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் உள்ளே லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார், தெருவுக்கு முதுகைக் காட்டி.