இல்லாத ஊரின் வரைபடம்

போன செவ்வாய்க்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது தடவை.

எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். அதையும் எழுதினால் பத்தாவது தடவை நானாகப் போக வேண்டியிருக்காது. அவர்களே வந்து கூட்டிப்போவார்கள்.

மேசைக்குப் பின்னால் புது முகம். முன்பிருந்த இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றமாம். புதியவர் கோப்பைத் தேடி எடுத்தார், தூசி தட்டினார், புரட்டினார். மரியாதையாகத்தான் கதைத்தார். கோப்பில் முறைப்பாடு இல்லை. குற்றம் இன்னதென்று ஒரு குறிப்பு இல்லை. வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை. ஒரே ஒரு ஆவணம் மட்டும் இலக்கமிட்டு, முத்திரை குத்தி, இணைப்புகளோடு ஒரு மூலைகூட மடியாமல் இருந்தது.

என்னுடைய கடிதம்.

"இது என்னவென்று விளங்கவில்லை, மஹத்தயா. விளக்கி இன்னொரு கடிதம் எழுதித் தாருங்களேன்" என்றார் சிங்களத்தில்.

முப்பத்தொரு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் அழகு தெரிகிறது.

சரி, கதையை முறைப்படி சொல்கிறேன்.

நிரஞ்சனி என் அக்காவின் மகள். இருபத்தொன்பது வயது. கொம்பனித்தெருவில் ஒரு கம்பனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய கொம்பியூட்டர் புரோகிராம்களில் பிழை கண்டுபிடிப்பது. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரரை வைத்திருந்தால் கரைச்சல் என்று வீட்டுக்காரர் இரண்டு கிழமைத் தவணை கொடுத்தார். ஒரு சூட்கேஸும் ஒரு லெப்டொப்புமாக வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சம்பளத்துக்குப் பிழை பிடிக்கிறவள் வீட்டுக்கு வந்து என்ன செய்வாள்? சம்பளம் இல்லாமல் பிழை பிடிப்பாள்.

அது ஒரு வீடியோ கேம். பழங்காலத்து நகரம் ஒன்றைக் கட்டி ஆளுகிற விளையாட்டு. ஒரு ஆறு, ஒரு பாலம், களஞ்சியம், தானியம் ஏற்றிய வண்டிகள், முந்நூறு சனம். எல்லாம் ஒழுங்காக நடக்கும். திடீரென்று ஒரு வண்டி பாலத்தில் நின்றுவிடும். பின்னால் வருகிற வண்டிகளும் நிற்கும். களஞ்சியம் காலியாகும். ஊரில் பஞ்சம். ஏன் நின்றது? உலகம் முழுக்க விளையாடுகிறவர்களுக்கும் தெரியாது, அதைச் செய்து விற்ற கம்பனிக்கும் தெரியாது.

நிரஞ்சனி அந்த விளையாட்டுக்கு உள்ளேயே ஒரு பிழை தேடும் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இப்படி வெளியாள் ஒருவர் செய்து பொருத்துவதற்கு 'மோட்' என்று பெயராம். எனக்கு விளங்கிய மட்டில் அது ஒரு திருத்தச் சட்டம். மூலச் சட்டம் அப்படியே இருக்கும்; நடப்பது வேறாக இருக்கும்.

ஒரு விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஆளின் தலைக்கு மேலும் எழுத்துத் தோன்றும். இவருடைய இலக்கம் இது, இங்கேயிருந்து வருகிறார், இங்கே போகிறார், இன்ன காரணத்தால் நிற்கிறார். இன்னொரு விசை நேரத்தையே நிறுத்தும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். மூன்றாவது, நடப்பதையெல்லாம் மணி நிமிடத்தோடு வரி வரியாகப் பதிந்து வைக்கும்.

எங்கேயிருந்து, எங்கே, என்னத்துக்கு... கொழும்பில் ஒரு நாளைக்கு நாலு இடத்தில் கேட்கிற கேள்விதானே, இதற்குக் கொம்பியூட்டர் எதற்கு என்று கேட்டேன்.

"செக்பொயின்ற்றில கேட்டால் பொய் சொல்லலாம் மாமா. இதில ஏலாது" என்றாள்.

அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு, விளையாட்டைச் செய்த கம்பனியே அவளைக் கூப்பிட்டது. குளிர் நாடொன்றில் நிரந்தர வேலை. இரண்டே நிபந்தனை. கருவியை முடித்து அனுப்ப வேண்டும். விசாவுக்குப் பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்க வேண்டும், அதாவது இந்த ஆளின்மேல் விசாரணை எதுவும் இல்லை என்ற சான்றிதழ். அந்த மின்னஞ்சலை என் மனைவிக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாள்.

இங்கேதான் நான் நுழைகிறேன்.

கொழும்பில் தமிழ் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்தால் பொலிஸில் பதிய வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த விலாசம், கொழும்பில் நிற்பதற்குக் காரணம், தொழில். ஒரே ஒரு பக்கம். வெள்ளவத்தையில் எல்லோரும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு மரக்கறி வாங்கப் போய்விடுவார்கள்.

நான் யோசித்தேன். நாளைக்கு ஒரு தேடுதல் நடக்கிறது. யாரோ ஒருவர் லெப்டொப்பைத் திறக்கிறார். ஆறு, பாலம், களஞ்சியம் என்று ஒரு வரைபடம். பக்கத்தில் ஆட்களின் இலக்கம், போகுமிடம், நேரம். அவர் என்ன நினைப்பார்? அதற்கு முன்னரே, நாமாகவே, எழுத்தில் அறிவித்துவிட்டால்? பின்னர் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது அல்லவா? முன்கூட்டி அறிவித்தவனுக்கு ஆபத்து இல்லை. என் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு எழுதுவினைஞருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

நிரஞ்சனிக்குப் பிடிக்கவில்லை. "கேக்காத கேள்விக்கு மறுமொழி எழுதாதேங்கோ மாமா. தொழில் எண்ட இடத்தில சொஃப்ட்வெயார் எண்டு போட்டிட்டு விடுங்கோ."

"அவருக்குக் கடிதம் எழுதாட்டில் சாப்பாடு செமிக்காது பிள்ளை. எழுதட்டும் விடு" என்றாள் என் மனைவி.

படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து என்னுடையது. நிரஞ்சனி விட்டுக்கொடுத்தாள்.

சிங்களத்தில் எழுதினேன். என் சிங்களம் கடைச் சிங்களம் அல்ல. பரீட்சை எடுத்துத் திறமைச் சித்தி பெற்ற சிங்களம். மூன்று பந்தி. முதலாம் இணைப்பு, நகரத்தின் வரைபடம். இரண்டாம் இணைப்பு, கருவி வரி வரியாகப் பதிந்ததிலிருந்து பத்துப் பக்கம். இரண்டிலும் சமாதான நீதவானின் முத்திரை. அவர் என் நண்பர். என்ன காகிதம் என்று பார்க்காமலே குத்தினார்.

இரண்டாம் பந்தியை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன்: 'மேற்படி பெண் தயாரிக்கும் கருவியானது, நகரிலுள்ள எந்த ஆளும் எவ்விடத்தில் நிற்கிறார், எவ்விடம் செல்கிறார், எதனால் தடைப்பட்டுள்ளார் என்பவற்றை உடனுக்குடன் காட்டவல்லது.'

விளையாட்டு என்று முதற் பந்தியில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் இரண்டாம் பந்தியை வாசித்த பிறகு முதற் பந்தியை யார் நம்புவார்கள்?

கடிதம் கொடுத்த மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். சப்பாத்தோடு உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். நிரஞ்சனி தலை இழுத்துப் பின்னத் தொடங்கியிருந்தாள். ஒரு மணித்தியாலத்தில் அனுப்பிவிடுவதாகச் சொல்லி அவளையும் லெப்டொப்பையும் கொண்டுபோனார்கள்.

இரண்டு இரவு.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவு. நிரஞ்சனியின் சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்குப் போதுமே தவிர, இதற்குப் போதாது. ஆகவே மொழிபெயர்க்க நான். விசாரணைக்குக் காரணமான கடிதத்தை எழுதியவனே அதில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பது முறையல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தும் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

அவள் முதல் நாள் போட்டிருந்த அதே சட்டையோடு இருந்தாள். தலை இன்னும் பின்னப்படாமல் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. லெப்டொப்பைத்தான் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் இளைஞர், படித்தவர். வரைபடத்தைக் காட்டி இது எந்த நகரம் என்று கேட்டார். இல்லாத நகரம் என்றேன். இல்லாத நகரத்துக்கு எதற்கு வரைபடம் என்றார். நியாயமான கேள்வி. அதை நிரஞ்சனிக்கு மொழிபெயர்த்தேன்.

அவள் விசையை அழுத்தினாள். முந்நூறு தலைகளுக்கு மேலும் எழுத்து வந்தது. சுவரோடு நின்ற இரண்டு கொன்ஸ்டபிள்களும் கிட்ட வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார். நேரத்தை நிறுத்திப் பார்த்தார். கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. பாலத்தில் நின்ற வண்டியைக் கண்டார். இது ஏன் நிற்கிறது?

"அது ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டு நிக்குது" என்றாள் நிரஞ்சனி. "மூட்டையை அந்த ஆளிட்டத்தான் குடுக்க வேணும். அந்த ஆள் இப்ப ஊரில இல்லை. பட்டியலில இருந்தே எடுத்துப்போட்டாங்கள். வண்டிக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்ல."

மொழிபெயர்த்தேன். எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார்.

"ஆராவது சொல்லுமட்டும்."

அதையும் மொழிபெயர்த்தேன். வெளியே வாங்குப் பலகையில், காலையிலிருந்து ஒரு பெண் தன் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. கொன்ஸ்டபிள்களில் ஒருவர் போய் அதைச் சாத்தினார்.

மறுநாள் மத்தியானம் விட்டார்கள். இது விளையாட்டுத்தான், எனக்கு விளங்கிவிட்டது என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் மேலிடத்துக்கு அறிவித்தாயிற்று. லெப்டொப்பை நிபுணர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய அறிக்கை வரும்வரை விசாரணை திறந்திருக்கும்.

விசாரணை திறந்திருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காது.

அலைந்தேன். நிபுணர்கள் சொன்னார்கள்: என்ன குற்றம் என்று சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு அனுப்பினால்தான் பொறுப்பேற்போம். பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள்: குற்றம் இருக்கிறதா என்று அறியத்தானே அனுப்புகிறோம், பிரிவை எப்படிப் போடுவது? கிளியரன்ஸ் கொடுக்கிற இடத்தில் சொன்னார்கள்: விசாரணையை முடித்துக்கொண்டு வாருங்கள். முறைப்பாடு கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் முடிக்கலாமாம். முறைப்பாடே இல்லாத விசாரணையை யார் வாபஸ் வாங்குவது?

மூன்று இடத்திலும் சொன்னது சரி. ஒருவர்கூட விதியை மீறவில்லை. மீறியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

என் மேசையிலிருந்து இப்படித் திரும்பிப் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். முகம் ஒன்றும் வருவதில்லை. கோப்பு இலக்கங்கள் சில வருகின்றன.

நிரஞ்சனி என்ன செய்தாள் தெரியுமா? கருவியின் பழைய பிரதி ஒன்றை முன்பே நண்பர் ஒருவருக்கு அனுப்பி வைத்திருந்தாள். அதைத் திருப்பி வாங்கி, பின்னேரங்களில் பம்பலப்பிட்டியில் ஒரு இன்டர்நெட் கடையில் குந்தியிருந்து, மிச்சத்தை மறுபடியும் எழுதி முடித்து அனுப்பிவிட்டாள். முதல் நிபந்தனை அவளுடைய பொறுப்பு. நிறைவேறிவிட்டது. இரண்டாவது என் பொறுப்பு.

கம்பனி ஒரு தடவை தவணை நீடித்தது. அந்தத் தவணை போன புதன்கிழமையோடு முடிந்தது. செவ்வாய்க்கிழமைதான் புதிய இன்ஸ்பெக்டர் என்னிடம் கடிதம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லிக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து வெள்ளைத் தாளும் எடுத்துவிட்டேன். பழக்கம்.

"அந்தப் பேப்பரை வையுங்கோ மாமா."

வைத்தேன்.

"நீங்கள் ஒரு கெட்டதும் செய்யேல்ல. அதாலதான் எனக்குக் கோபப்படக்கூட ஏலாமல் கிடக்குது" என்றாள். குரல் உயரவில்லை. "இனி எனக்காக ஒண்டும் எழுதிக் குடுக்காதேங்கோ. அவ்வளவுதான்."

என் மனைவி சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகவும் பண்பான மின்னஞ்சல். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கருவி நன்றாக இருக்கிறதாம். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்களாம். கருவியை விளையாட்டோடு சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். நிரஞ்சனி ஓம் என்று எழுதிவிட்டு, குளித்து, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

எங்களைப்போல் படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியம் எடுக்கிற தமிழர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எல்லா விபரத்தையும் சரியாக எழுதி, இணைப்பும் வைத்துக் கொடுத்துவிட்டால் நமக்கு ஒன்றும் நடக்காது... அப்படியா? சந்தேகத்தோடு இருக்கிறவருக்கு நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு விபரமும் சந்தேகத்தில் இன்னும் ஒரு பக்கம். நான் பன்னிரண்டு பக்கம் கொடுத்தேன்.

பத்திரிகைக்கான இந்தப் பத்தியை நிரஞ்சனியைக் கேட்காமல் எழுதினேன். அனுப்ப முன்னர் காட்டினேன். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். இல்லை. பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தாள். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினாள். பிறகு தன் பெயரை ஒவ்வோர் இடமாகத் தேடி வெட்டி, மேலே 'நிரஞ்சனி' என்று எழுதினாள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு மூன்று விபரங்களையும் மாற்றினாள். எவை என்று சொல்ல மாட்டேன்.

"ஆர் வந்து கேட்டாலும் இதுதான் உண்மை எண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.

இதுவரை, சரியென்று தெரிந்த விபரத்தை மாற்றி எழுதி, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டவனல்ல நான்.

இந்தக் கிழமை இதற்குக் கீழே போட்டிருக்கிறேன்.