ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்

செங்கல்பட்டில் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய ஒருவன் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தானாம். வெயிலில் ரத்தம் சுண்டிவிட்டதாம். கூடுவாஞ்சேரியிலிருந்து தன் நாத்தனார் சொன்னதாக, மஸ்கட்டில் என்னோடு அறையில் தங்கியிருந்த வரலட்சுமி சொன்னாள். பெயர் தெரியாதாம். நான் நர்ஸ். ரத்தம் அப்படிச் சுண்டாது என்று தெரியும். ஆனால் ஆள் விழுவான் என்பதும் தெரியும்.

என் தம்பி ஜெபகுமாரும் அந்த வேலைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தான். 2005 மே மாதம். இரவில் நாவலூர் அடுக்ககத்தில் காவல். பகல் பதினொரு மணிக்குப் படூர் ஏரிக்கரையில் ஓட்டம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

ஓட்டத்துக்கு முன் மார்பளவு எடுப்பார்கள். விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வயிற்றை ஒட்டவைத்தால் நெஞ்சு நன்றாக விரியும் என்று அவன் கூட்டாளிகள் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

போனில் கெஞ்சினேன். "டேய், கால் சதையும் ரத்தம் கேக்கும், ஒடம்பு சூட்ட எறக்கத் தோலும் கேக்கும். வேர்வையா தண்ணி போயிட்டா ரத்தத்தோட அளவே கொறயும். இருக்கறத வெச்சிகினு இதயம் எத்தினிக்குத்தான் அடிக்கும்?"

"இன்னாக்கா, வெயிலு ஒனக்கு ஏறிகிச்சா? அங்க ஏசில குந்திகினு பயப்படற!"

"ஓடி முடிச்சதும் டக்குனு நிக்காத. ரத்தம் கால்லயே தங்கிடும், மயக்கம் வரும். நடந்துகினே இரு."

"போலீஸ் ஆனப்புறம் ஒன்னியத்தான் மொதல்ல உள்ள தள்ளணும்," என்று சிரித்தான்.

தேர்வு நாளன்று அவன் நண்பன் கலைவாணன் மைதானத்து வேலிக்கு வெளியே செல்போனோடு நின்றான். மதியம் அழைத்தேன்.

"மார்பளவு பாஸுக்கா! லைன்ல நிக்கறான். தோ, ஓடப் போறாங்க."

"அளவுதான் எடுத்தாச்சே, தண்ணி குடிச்சானா?"

"பாட்டில நீட்டனேன்க்கா. இப்ப குடிச்சா வயிறு குலுங்கும்னு தள்ளி வுட்டுட்டான். வேர்வை கூட நின்னுட்ச்சி, ஒடம்பு பழகிட்ச்சின்றான்."

வியர்வை நின்றுவிட்டது. உடம்பு இனிச் சூட்டை இறக்காது. வார்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் நாங்கள் ஓடுவோம்.

"கலை, அவன நிறுத்து! ஓட வுடாத!"

"விசிலு அடிச்சிட்டாங்கக்கா..."

இணைப்பு அறுந்தது. ஏழு நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டம். பத்து நிமிடம் கழித்து அழைத்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. வரலட்சுமி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.