வால்கயிற்று லாசார்

எங்கள் தீவுக் கிராமமான சலிபியாவுக்கு வந்து லாசார் வீவில் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். வால்கயிற்று லாசார் என்று கேட்டால் போதும், கேட்ட ஆளே கூட நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். ஐம்பத்திரண்டு வயது. கட்டைகுட்டையான உடம்பு, தலையும் தோளும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் கழுத்தைத் தேடத்தான் வேண்டும். வாழையும் சேம்பும் போடுவார். ரோட்டில் மண் சரிந்தால் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்பார். கூடை முடையச் சொன்னால், அவர் முடைந்த கூடையில் கோழிகூட முட்டையிட யோசிக்கும். மீன்பிடி பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்தில் தோணி காட்டில்தான் பிறக்கும். மலைமேல் கொம்மியே மரத்தை அமாவாசை பார்த்துச் சாய்த்து, அங்கேயே குடைந்து, பிறகு ஊரே கூடிக் கடற்கரைக்கு இழுத்து வரவேண்டும். கூலி கிடையாது. சங்கு ஊதினால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். வந்தவர்களுக்கு மரவள்ளி ரொட்டியும் கருவாடும் ரம்மும் உண்டு. முன்கயிறுகளில் நூறு பேர் நிற்பார்கள். பாட்டு, கேலி, கும்மாளம் எல்லாம் அங்கேதான். ஆனால் இறக்கத்தில் தோணி தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தால் அந்த நூறு பேரும் அதற்கு அடியில் போகவேண்டியதுதான். அதற்காகத்தான் வால்கயிறு. தோணியின் பின்தலையில் கட்டி, வழியில் நிற்கிற மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அதைப் பிடிப்பது ஒரே ஆள். இரண்டு பேர் பிடித்தால் ஒருத்தன் மற்றவனை நம்பிக் கையைத் தளர்த்திவிடுவான் என்பது எங்கள் ஊரின் எண்ணம்.

இருபத்தொன்பது வருஷத்தில் இருபத்துமூன்று தோணிகளை லாசார் அப்படி இறக்கியிருந்தார். ஒன்றிலும் ஏறி உட்கார்ந்ததில்லை. அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அப்பா மீனுக்குப் போன தோணி திரும்பி வரவில்லை. துடுப்புகூடக் கரை ஒதுங்கவில்லை. அதிலிருந்து கடலைப் பார்த்தால் லாசார் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தகராறு பண்ணிய சொந்தக்காரரைத் தெருவில் பார்த்த மாதிரி.

பெரிய சூறாவளி அடித்து ஓய்ந்த மூன்றாம் வருஷம் காசிமிர் ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். காசிமிர் லாசாருக்குப் பெரியப்பா மகன், தோணி குடைவதில் அவரை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் இல்லை. காற்று மலையையே மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. எங்கு பார்த்தாலும் முறிந்த மரம். அதற்கு நடுவில் ஒரு பள்ளத்தின் மடியில் இந்த ஒரே கொம்மியே நிமிர்ந்து நின்றது. ஐந்து பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத மரம். பட்டையைக் கீறினால் பால் வடிந்து பள்ளம் முழுக்கச் சாம்பிராணி மணத்தது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"இத விட்டா இந்த அளவுல வேற மரம் கெடையாது. என் பேரன் காலத்துலயும் கெடைக்காது," என்றார் காசிமிர். "இதுலதான் தெக்கே போறோம்."

தெற்கே என்றால் கடலில் வரிசையாக இருக்கும் தீவுகள், மார்த்தினிக், செயின்ட் லூசியா, அதற்கும் கீழே செயின்ட் வின்சென்ட். அங்கே இருக்கும் எங்கள் சொந்தங்களை, முன்னோர்கள் போன வழியிலேயே, துடுப்புப் போட்டுப் போய்ப் பார்ப்பது. பன்னிரண்டு பேர் போவதாக ஏற்பாடு. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி ஒலிந்தா, லாசாரின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். வயது இருபத்துமூன்று, பிடிவாதம் அறுபது வயதுக்கு உண்டானது.

"நீ போகக் கூடாது," என்றார் லாசார்.

"சரிப்பா."

"சரின்னா?"

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்."

அடுப்படியில் மரவள்ளி மாவைக் கல்லில் பரப்பிக்கொண்டிருந்த அவர் மனைவி செலின் சிரித்துவிட்டாள். "என்னப் பாத்து மொறைக்காதீங்க. இந்த வாய் எங்க வீட்டு வழி இல்ல, உங்க வீட்டு வழி."

"கடலப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்று மகளிடம் திரும்பினார் லாசார்.

"உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்னு திருப்பிக் கேப்பா. கேக்க விடாதீங்க," என்றாள் செலின். ஒலிந்தா கேட்கவில்லை. அவர் தட்டில் ஒரு ரொட்டியை எடுத்து வைத்துவிட்டுத் துடுப்புப் பழகப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க லாசாரின் மனசு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் 'கழுத்து' என்று ஒரு வளைவு உண்டு. அங்கே ஒரு பாறை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்கயிற்றுக்காரர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொருவராகப் பாறையைச் சுற்றி இடது பக்கம் மேடேறிப் போய், அந்தப் பக்கம் நின்று கயிற்றை மறுபடி எடுப்பார்கள். அந்த ஐந்து நிமிஷமும் தோணியைத் தாங்குவது வால்கயிறு மட்டும்தான். வலது பக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் பாறை, மனித நடமாட்டமே கிடையாது. கை வழுக்கினால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. தோணி மட்டும் சுக்கு நூறாகும். வேறு மரம் இல்லை, காசிமிரே சொல்லிவிட்டார். மழை, சேறு, வயதான கை என்றால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? இருபத்துமூன்று தடவை பிடித்த மனுஷன். எல்லோரும் தோளைத் தட்டி ஆறுதல் சொல்வார்கள். மகள் வீட்டில் இருப்பாள்.

யோசிக்க யோசிக்க அது அவருக்குக் கெட்ட எண்ணமாகவே தெரியவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆனாலும் சனிக்கிழமை காலை கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது முடிவு செய்துவிட்டார். கழுத்தில் விட்டுவிடுவது.

சங்கு மூன்று தடவை ஊதியது. ஊரில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் மலையில் இருந்தார்கள். பிலோமேன் அக்காதான் பாட்டுக்காரி. சத்தம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆட்டையும் எழுப்பிவிடும். அவள் ஒரு வரி எடுத்தால் நூறு பேர் இரண்டாம் வரியைப் போட்டு இழுப்பார்கள். பாட்டில் அன்றன்றைக்கு அகப்பட்டவர்கள் பெயரெல்லாம் வரும்.

"காசிமிர் பொண்டாட்டிக்குக் கட்டில் கேட்டா குடுக்கல!" என்று அவள் பாட,

"தோணி குடுத்தான், தூங்குன்னான்!" என்று நூறு பேர் பாடி இழுத்தார்கள்.

"அக்கா, அது பழைய கதக்கா, விடுக்கா!" என்று முன்னாலிருந்து காசிமிர் கத்தினார்.

"பழசா? கட்டில் வந்துருச்சா?"

கூட்டம் சிரிப்பில் கயிற்றையே விட்டுவிட இருந்தது. லாசார் மட்டும் சிரிக்கவில்லை. வாலில் நிற்பவரால் கேலிக்கு அங்கிருந்து பதில் சொல்ல முடியாது என்பதால் அவரையும் அவள் விடவில்லை. "வால்கயிற்று லாசாருக்குக் கழுத்து எங்கே?" என்று ஒரு வரி போட்டாள். "கழுத்துக்கு வரும்போது காட்டுவான்!" என்றது கூட்டம்.

தோணி இறங்கியது. நாற்பதடி நீளம். தோல் உரித்த மரம் ஈரத்தில் சிவந்து பளபளத்தது. கீழே போட்ட உருட்டுக்கட்டைகள் முனகின. பின்னால் நின்று இருபத்துமூன்று தோணிகளைப் பார்த்தவர்தான், ஆனால் இப்படி ஒன்றை லாசார் பார்த்ததில்லை. கயிறு வழியாக அதன் கனம் தோளுக்கு வந்தது, தோளிலிருந்து முதுகுக்கு வந்தது. அது தன்னை எடைபோட்டுப் பார்க்கிறது என்றே அவருக்குத் தோன்றியது.

கழுத்து வந்தது. லாசார் ஒரு பெரிய மரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் குதிகாலை மண்ணில் ஊன்றினார். "நிக்குது!" என்று கத்தினார். அது வழக்கமான சொல். அதைக் கேட்டதும் முன்னால் இருந்த நூறு பேரும் கயிற்றைக் கீழே போட்டார்கள்.

போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். பாறையைச் சுற்றி, ஒருவர் பின் ஒருவராக, பேசிக்கொண்டு, சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால், சரிவில், நாற்பதடி மரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தர்கூடத் திரும்பி அதைப் பார்க்கவில்லை. காசிமிர் ஐந்து மாசம் அந்த மரத்தோடு காட்டில் கிடந்தவர். அவர் குனிந்து செருப்பிலிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

லாசார் திகைத்துப்போனார். இருபத்துமூன்று தடவை இதே இடத்தில் நின்றிருக்கிறார், தோணியைத்தான் பார்த்திருக்கிறார். இந்த முதுகுகளைப் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான், விட்டுவிடலாம் என்று வந்த நாளில், யார் கண்ணாவது தன்மேல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கயிறு அவர் கையில் இருக்கிறது என்றால் அதற்கு மேல் அவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அடேயப்பா, எத்தனை முதுகு! கோயிலில்கூட அவருக்கு அப்படி உடம்பு நடுங்கியதில்லை.

அப்போதுதான் அடியில் சேறு வழுக்கியது. தோணியின் வால் வலது பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. மரத்தில் சுற்றியிருந்த கயிறு கீச்சென்று கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் கேட்டுக்கொண்ட மாதிரியே வழுக்கியது. கையைத் திறந்தால் போதும்.

கை திறக்கவில்லை. லாசார் கயிற்றோடு நான்கு அடி இழுபட்டுப் போய் மரத்தில் நெஞ்சு மோதி நின்றார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. காலை மரத்தில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்தார். கயிறு நின்றது. தோணியும் நின்றது. பாறைக்கு அந்தப் பக்கம் பிலோமேன் அக்கா அடுத்த வரியை எடுத்தாள், கயிறுகள் இறுகின, நூறு பேர் இழுத்தார்கள். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றே லாசார் நினைத்தார்.

மாலையில் ஆற்றுமுகத்துக் கொட்டகையில் கையைப் பார்த்துவிட்டு காசிமிர், "என்னடா இது?" என்றார்.

"வயசாயிருச்சுண்ணே."

செலின் துணியைக் கிழித்துக் கட்டினாள். ஒலிந்தா தண்ணீர் எடுத்து வந்து வைத்தாள், அந்தக் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு தோணியில் கல்லையும் தண்ணீரையும் நிரப்பிப் பல வாரம் ஊறவைத்தார்கள். ஒருநாள் இரண்டு பக்கமும் தீ மூட்டினார்கள். குறுகலாக இருந்த மரம் சூட்டில் இளகி, மெதுவாக, மெதுவாக விரிந்தது. குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக அடித்து இறக்கினார்கள். ஒரு விரிசல் விழுந்தால் எல்லாம் போச்சு. கட்டுப்போட்ட கையோடு லாசார் விறகு தள்ளினார். காலையில் மரமாக இருந்தது மாலையில் தோணியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பெரியவர்கள்கூட வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

கிளம்பும் நாள் காலை ஊர் முழுக்கக் கரையில். பன்னிரண்டு பேரும் துடுப்போடு நின்றார்கள். ஒலிந்தா அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, கழுத்துல நான் மட்டும் திரும்பிப் பாத்தேன்."

லாசார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"பாறைக்குப் பின்னால நின்னு உங்க கையத்தான் பாத்துட்டு இருந்தேன். வழுக்குச்சே, அப்பவும் பாத்தேன். நீங்க விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் லாசார்.

அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை, அவருக்கே தான் எதைச் செய்கிறோம் என்று தெரியவில்லை. பிறகு ஓடிப்போய் ஏறி மூன்றாவது பலகையில் உட்கார்ந்தாள்.

தோணியைத் தள்ளினார்கள். முதல் அலை வந்தது; மூக்கு மேலே எழும்பி, அதைப் பிளந்து, கீழே இறங்கியது. அவ்வளவு பெரிய மரம், மலையில் அவ்வளவு கனத்த மரம், தண்ணீரில் வாழை இலை மாதிரி நின்றது. தள்ளியவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். துடுப்புகள் ஒன்றாக இறங்கின. தோணி அசையவில்லை.

எல்லோரும் பார்த்தார்கள். மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பின்தலையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் லாசார். தான் பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

"யோவ் லாசார்!" என்று கரையிலிருந்து பிலோமேன் அக்கா போட்ட சத்தத்தில் பறவைகள் கிளம்பின. "விடுய்யா! நீ புடிச்சா நூறு பேரு நிப்போம், பன்னெண்டு புள்ளைங்க எம்மாத்திரம்? விடு!"

கரையே சிரித்தது. ஒலிந்தாவும் சிரித்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பை நீட்டி, கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

லாசார் அந்த முதுகைப் பார்த்தார். கையைத் திறந்தார்.